எனக்கு என்றால் ‘மீ’ இல்லை

வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஊர் அணைக்கட்டுப் பக்கம், பி.காம். படித்தவர். லாட்ஜில் தங்குகிறவர்கள் பெரும்பாலும் வைத்தியத்துக்காக மேற்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள். அவர்களுக்குத் தமிழ் வராது, இவருக்கு வங்காளி வராது, நடுவில் ஆங்கிலம்தான். அவர் எழுதியது இது:

“சார், ஐ–மீ, ஹீ–ஹிம், ஷீ–ஹெர் அட்டவணை எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஆள் எதிரில் வந்து நின்றால் எல்லாம் மாறிவிடுகிறது. போன வாரம் ஒரு அம்மாவிடம், ‘உங்கள் வீட்டுக்காரரை டாக்டர் கூப்பிட்டார்’ என்று சொல்ல நினைத்து ‘ஹீ கால்டு டாக்டர்’ என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரருக்கு என்னவோ ஆகிவிட்டது, அதனால்தான் டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்து அந்த அம்மா பதறிக்கொண்டு மாடிக்கு ஓடினார். எனக்கு மனசே சரியில்லை. அப்புறம் இன்னொன்று, ஓனருக்கு வாட்ஸ்அப்பில் எழுதும்போது ‘மீ அண்ட் செல்வம்’ சரியா, ‘செல்வம் அண்ட் ஐ’ சரியா?”

தம்பி, உங்கள் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த அட்டவணையில்தான் குறை. அதை முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். எல்லா வாத்தியார்களையும் போல நானும் இடது பக்கம் ‘நான்’, அதற்கு நேராக ‘ஐ’. அதன் கீழே ‘என்னை, எனக்கு’, நேராக ‘மீ’ என்று எழுதிப் போடுவேன். ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டில் ‘மீ நோ தி ஆன்சர்’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தேன். அவன் எழுந்து நின்று, “இன்னா சார், எனக்குத் தெரியும்னுதான எழுதினேன்? எனக்குன்னா மீ-ன்னு நீங்கதான போர்டுல போட்டீங்க?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவன் கேட்டது முழுக்க நியாயம். அன்றைக்கு அட்டவணையை அழித்தவன், பிறகு அந்த வடிவில் எழுதவே இல்லை.

அவன் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. தமிழில் ஒருவருக்கு மனசிலும் உடம்பிலும் தானாக நேர்கிறதைச் சொல்லும்போது நாம் ‘நான்’ போடுவதில்லை. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் பசிக்கிறது, எனக்குக் காய்ச்சல், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது. எல்லாம் நான்காம் வேற்றுமை, ‘கு’ உருபு. பசியை நான் செய்யவில்லை, அது எனக்கு வருகிறது என்பது தமிழின் பார்வை. ஆங்கிலம் இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. தெரிந்திருந்தாலும் பசித்தாலும் பிடித்தாலும், ஓடினாலும் அடித்தாலும், ஆள் ஒருவர்தான், அவர் ‘ஐ’தான். ‘ஐ நோ’, ‘ஐ லைக்’, ‘ஐ அம் ஹங்ரி’, ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’. ஆக, நாம் ஒரு நாளில் பேசுகிற ‘எனக்கு’களில் பெரும் பங்கு ஆங்கிலத்தில் ‘ஐ’ ஆகிறது, ‘மீ’ ஆவதில்லை. ‘எனக்கு ஒரு டீ கொடுங்க’ என்பது மாதிரியான இடங்களில் மட்டும்தான் ‘கிவ் மீ எ டீ’.

இது தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சிக்கலும் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூரிலிருந்து வந்த உருது வீட்டுப் பிள்ளைகளும் அதே தப்பைச் செய்தார்கள், ஏனென்றால் உருதுவிலும் ‘முஜே மாலூம் ஹை’, எனக்குத் தெரியும் என்கிற அதே அமைப்பு. குடியாத்தம் பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே. இன்னும் ஒரு ஆச்சரியம், ஆங்கிலமே ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கில நாடகங்களில் ‘மீதிங்க்ஸ்’ என்று ஒரு சொல் வரும். பிரித்தால், எனக்குத் தோன்றுகிறது. பழைய ஆங்கிலத்தில் பசியையும் ‘எனக்குப் பசிக்கிறது’ என்ற மாதிரியே சொன்னார்கள். ‘லைக்’ என்ற வினையும் அப்போது பிடித்த பொருளை எழுவாயாக வைத்து, பிடித்தவரை ‘அவருக்கு’ என்கிற வடிவில் நிறுத்தியது. அப்புறம், 1100 முதல் 1500 வரை உள்ள நடு ஆங்கிலக் காலத்தில், பெயர்ச்சொற்களின் வேற்றுமை உருபுகள் தேய்ந்து உதிர்ந்தன. உருபு போனதும் யார் செய்தது, யாருக்குச் செய்தது என்று காட்ட வேறு வழி இல்லை, சொல் நிற்கிற இடம்தான் மிச்சம். வினைக்கு முன்னால் நிற்கிறவர் எழுவாய் என்று ஆகிவிட்டது. ‘எனக்கு’ என்று அங்கே நின்றிருந்தவரும் மெல்ல ‘ஐ’ ஆகிவிட்டார்.

உங்கள் லாட்ஜ் வாக்கியம் கவிழ்ந்ததும் இதே இடத்தில்தான். தமிழில் ‘டாக்டர் அவரைக் கூப்பிட்டார்’ என்றாலும், ‘அவரை டாக்டர் கூப்பிட்டார்’ என்றாலும், ‘கூப்பிட்டார் டாக்டர் அவரை’ என்றாலும் செய்தி ஒன்றே. ‘ஐ’ உருபு அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற வரை அவர் எந்த மூலையில் நின்றாலும் கூப்பிடப்பட்டவர் அவர்தான். உங்கள் மனசில் ‘அவரை’ முதலில் வந்தது, அதனால் ஆங்கிலத்திலும் அவரை முதலில் கொண்டுபோய் வைத்தீர்கள். முதலில் வைத்ததுமே ஆங்கிலம் அவரை எழுவாயாக்கிவிட்டது. (நம் ‘ஐ’ உருபு செயப்படுபொருளுக்கு உரியது, அவர்கள் ‘ஐ’ எழுவாய்க்கு உரியது. ஒரே ஓசை, நேர் எதிர் வேலை. சின்னப் பிள்ளைகள் இதிலும் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.)

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் மாறாமல் பிரதிப்பெயர் (ஐ, ஹீ மாதிரி பெயருக்குப் பதிலாக வருகிற சொல்) மட்டும் மாறுவது ஏன் என்று தோன்றலாம். நம்மிடமும் அது உண்டு. ‘இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கினேன்’ என்கிறோம், ‘கத்திரிக்காயை’ என்று சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் காயின் பெயரை எடுத்துவிட்டு ‘அது வாங்கினேன்’ என்று யாரும் சொல்லமாட்டோம். ‘அதை வாங்கினேன்’ என்றால்தான் காதுக்குச் சரியாக இருக்கும். ‘நான்’ என்பது ‘என்’ ஆகி ‘என்னை’ ஆவதைப் போலத்தான் ஐ என்பது மீ ஆவதும். அடிச்சொல்லே மாறுகிறது.

சரி, விதிக்கு வருகிறேன். பள்ளியில் சொல்வது: வினைக்கு முன்னால் ஹீ, வினைக்குப் பின்னால் ஹிம். இது முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ‘ஐ நோ ஹிம்’ சரி. ‘ஐ நோ ஹீ இஸ் ஹியர்’ என்பதும் சரி. இரண்டிலும் ‘நோ’வுக்குப் பின்னால்தானே அவர் நிற்கிறார்? பிறகு ஏன் ஒன்றில் ஹிம், இன்னொன்றில் ஹீ?

பத்தாம் வகுப்பில் படித்த தமிழ் இலக்கணத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வினைமுற்று, வினையெச்சம். வந்தான் முற்று, வர, வந்து எச்சம். ஆங்கிலத்திலும் அந்தப் பிரிவு இருக்கிறது. ‘இஸ்’, ‘கேம்’, ‘கம்ஸ்’, ‘வில் கம்’ போன்றவை முற்று. ‘டு கம்’, ‘கமிங்’ மாதிரியானவை எச்சம். இப்போது நான் சொல்லும் விதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வினைமுற்றுக்கு எழுவாயாக நிற்பவர் மட்டுமே ஐ, ஹீ, ஷீ, வீ, தே. மற்ற எல்லா இடத்திலும் மீ, ஹிம், ஹெர், அஸ், தெம். ‘ஐ நோ ஹீ இஸ் ஹியர்’ என்பதில் ‘இஸ்’ என்ற முற்று அவருக்கு என்று தனியாக இருக்கிறது, அதனால் ஹீ. ‘ஐ நோ ஹிம்’ என்பதில் அவருக்கென்று முற்று எதுவும் இல்லை, அதனால் ஹிம்.

இந்தப் பார்வை வந்துவிட்டால் தமிழர்கள் வழக்கமாகச் சறுக்குகிற இரண்டு இடங்கள் தாமாகச் சரியாகும்.

முதலாவது, ‘வேண்டும்’. ‘அவர் கீழே வர வேண்டும்’ என்பது தமிழ். ‘அவர்’ எழுவாய் மாதிரி, உருபு எதுவும் இல்லாமல் நிற்கிறார். அதை நம்பி ‘ஐ வாண்ட் ஹீ கம் டவுன்’ என்று ஆரம்பிக்கிறோம். ஆங்கிலத்தில் வேண்டுகிறவர் நான், முற்று என்னுடையது; வருவது ‘டு கம்’ என்ற எச்சம். ஆகவே ‘ஐ வாண்ட் ஹிம் டு கம் டவுன்’. உங்கள் வேலையில் ஒரு நாளைக்கு இருபது தடவை வரக்கூடிய வாக்கியம் இது: டாக்டர் அந்த அம்மாவை வரச் சொல்கிறார், ஓனர் அவர்களை ஆதார் கொடுக்கச் சொல்கிறார். ‘தி டாக்டர் வாண்ட்ஸ் ஹெர் டு கம்’, ‘தி ஓனர் வாண்ட்ஸ் தெம் டு கிவ் தி ஆதார் கார்டு’.

இரண்டாவது, ‘-ட்டும்’. ‘அவர் வரட்டும்’, ‘அவங்க தூங்கட்டும்’. இங்கேயும் தமிழில் எழுவாய் வடிவம், ஆங்கிலத்தில் ‘லெட்’ போட்டதும் ‘லெட் ஹிம் கம்’, ‘லெட் ஹெர் ஸ்லீப்’. ‘லெட் ஹீ கம்’ என்று சொல்லும் பழக்கம் படித்தவர்களிடமும் இருக்கிறது, காரணம் அந்த ‘அவர்’தான். பலரும் சொல்லும் ‘லெட்ஸ் கோ’ என்பதும் ‘லெட் அஸ் கோ’வின் சுருக்கம். அதில் அஸ் ஒளிந்திருப்பதைப் பார்த்துவிட்டால் ‘லெட்’டுக்குப் பின்னால் எந்த வடிவம் வரும் என்பது மறக்காது.

பிரிபொசிஷனுக்குப் பின்னால் என்ன வரும் என்பதில் சந்தேகமே வேண்டாம். டு, ஃபார், வித், ஃப்ரம், நியர், பிட்வீன், எது வந்தாலும் பின்னால் நிற்பவருக்கு முற்று கிடையாது, எனவே ஹிம், தெம். ‘வித் ஹிம்’, ‘ஃபார் அஸ்’, ‘நியர் தெம்’. இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. தமிழில் அவரிடம் கேட்டேன், அவருக்கு உதவினேன், அவரிடம் சொன்னேன், அவரோடு பேசினேன் என்று உருபுகள் மாறுகின்றன. ஆங்கிலத்தில் எல்லாமே ஹிம், ஆனால் சில வினைகளுக்கு நடுவில் டு வேண்டும், சிலவற்றுக்குக் கூடாது. ‘ஆஸ்க்டு ஹிம்’, ‘ஹெல்ப்டு ஹிம்’, ‘டோல்டு ஹிம்’ ஆகியவற்றில் டு கிடையாது. ‘செட் டு ஹிம்’, ‘ஸ்போக் டு ஹிம்’, ‘எக்ஸ்பிளெய்ன்டு இட் டு ஹிம்’ ஆகியவற்றில் கட்டாயம். இதற்கு மட்டும் மனப்பாடம்தான் வழி. நம் ஆட்கள் ‘டோல்டு டு ஹிம்’ என்றும் ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்றும் சொல்வது தமிழ் உருபின் நிழல்.

இப்போது ‘மீ அண்ட் செல்வம்’. இரண்டு பேர் சேர்ந்து வரும்போது இன்னொருவரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பாருங்கள். ‘நானும் செல்வமும் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போனோம்.’ செல்வத்தை எடுத்துவிடுங்கள். ‘ஐ வென்ட்’ என்பீர்களா, ‘மீ வென்ட்’ என்பீர்களா? ஐ. ஆகவே ‘செல்வம் அண்ட் ஐ வென்ட்’. ‘டிக்கெட் பரிசோதகர் என்னையும் செல்வத்தையும் கேட்டார்’ என்றால்? ‘ஆஸ்க்டு மீ’. ஆகவே ‘ஆஸ்க்டு செல்வம் அண்ட் மீ’. அடுத்தவர் பெயரை முதலில் வைப்பது மரியாதைக்காக, இலக்கணத்துக்காக இல்லை. ஒரு எச்சரிக்கை. ‘மீ அண்ட் செல்வம்’ தப்பு என்று வாத்தியார்கள் திட்டித் திட்டி, ‘செல்வம் அண்ட் ஐ’ என்பதே எங்கும் உயர்ந்தது என்ற பயம் பலருக்கு ஏறிவிட்டது. அதனால்தான் ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று இங்கிலாந்துக்காரர்களே சொல்கிறார்கள். ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ என்பதுதான் சரி. அதே பயத்தில் வருவது ‘ப்ளீஸ் கால் செல்வம் ஆர் மைசெல்ஃப்’. இங்கேயும் மீதான் வேண்டும். மைசெல்ஃப் என்பது ‘ஐ ஹர்ட் மைசெல்ஃப்’, நானே என்னைக் காயப்படுத்திக்கொண்டேன் என்பது போல, செய்தவரும் பட்டவரும் ஒருவராக இருக்கும்போதும், ‘நானே செய்தேன்’ என்று அழுத்திச் சொல்லும்போதும் வருவது. நேர்முகத் தேர்வில் ‘மைசெல்ஃப் ராஜேஷ்’ என்று ஆரம்பிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ‘ஐ அம் ராஜேஷ்’ போதும்.

கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ‘யாரு?’ என்று கேட்பார்கள். நாம் ‘நான்தான்’ என்போம். ஆங்கிலத்தில் ‘மீ’, அல்லது ‘இட்ஸ் மீ’. பழைய இலக்கணப் புத்தகத்தை வைத்து ‘இட் இஸ் ஐ’ என்று பிள்ளைகளை எழுத வைத்தோம். பரீட்சையில் கேட்டால் எழுதிவிடுங்கள், வாயால் சொல்லாதீர்கள், யாரும் அப்படிப் பேசுவதில்லை. இந்தச் சின்ன உதாரணம் ஒரு பெரிய விஷயத்தைக் காட்டுகிறது. தமிழில் தனியாக, சும்மா நிற்கிற வடிவம் ‘நான்’. உருபு ஏறினால்தான் அது மாறும். ஆங்கிலத்தில் தனியாக நிற்கிற வடிவம் ‘மீ’. முற்று ஒன்று வந்து சேர்ந்தால்தான் அது ‘ஐ’ ஆகும். நம் மனசில் ‘நான்’தான் மூலம், ‘என்னை’ அதன் திரிபு. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், சந்தேகம் வரும்போதெல்லாம் ஐ, ஹீ என்று போடுகிறோம். தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். முற்று கண்ணில் படவில்லையா? மீ, ஹிம் என்று போடுங்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. தமிழில் ‘வந்தேன், பார்த்தேன், கொடுத்துட்டேன்’ என்றால் போதும். யார் என்பதை விகுதி சொல்லிவிடும், யாரை, எதை என்பது பேச்சிலிருந்து தெரியும். ஆங்கில வினையில் அந்த விகுதி இல்லை. ‘கேவ்’ என்று மட்டும் சொன்னால் யார் கொடுத்தார், எதை, யாருக்கு என்று ஒன்றும் தெரியாது. ‘ஐ கேவ் இட் டு ஹிம்’ என்று மூன்றையும் சொல்லியாக வேண்டும். மழை பெய்வதற்குக்கூட ‘இட் இஸ் ரெய்னிங்’ என்று ஒரு இட் கேட்கிற மொழி அது. இதற்கு எதிர்ப்பக்கம், ‘எங்க அப்பா, அவர் ரயில்வேல இருக்காரு’ என்பதைப் போல ‘மை ஃபாதர் ஹீ இஸ்’ என்று இரட்டிப்பதும் வேண்டாம். அப்பா இருக்கும்போது ஹீ தேவையில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூ, இட் இரண்டும் மாறாது. யூ முன்பு மாறியது. 1611இல் அச்சான ஆங்கில பைபிளில் எழுவாய்க்கு யீ, செயப்படுபொருளுக்கு யூ என்று தனித்தனியாக இருக்கும். இப்போது யூ மட்டும் தங்கிவிட்டது. ஹெர் இரண்டு வேலை பார்க்கும்: ‘கால் ஹெர்’ அவளைக் கூப்பிடு, ‘ஹெர் ரூம்’ அவளுடைய ரூம். நாம், நாங்கள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வீ. அதனால் ‘வீ ஹேவ் டு பே’ என்று நீங்கள் சொன்னால், விருந்தாளி தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்க இடமுண்டு. பணம் பற்றிப் பேசும்போது ‘யூ’ என்றோ ‘தி லாட்ஜ்’ என்றோ தெளிவாகச் சொல்லுங்கள். ஹூ, ஹூம் என்பது யார், யாரை. பேச்சில் ஹூ எங்கும் செல்லும். ஆனால் பிரிபொசிஷனை முன்னால் வைத்தால் ஹூம்தான். சான்றிதழ்களின் தலையில் ‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ என்று பார்த்திருப்பீர்கள்.

‘விட’ என்ற பொருள் தரும் ‘தன்’ என்ற ஆங்கிலச் சொல்லில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். ‘ஷீ லைக்ஸ் பிரியாணி மோர் தன் மீ’ என்றால், எனக்குப் பிடிப்பதைவிட அவளுக்குப் பிரியாணி அதிகம் பிடிக்கும் என்றும் எடுத்துக்கொள்ளலாம், என்னைவிட பிரியாணிதான் அவளுக்குப் பிடிக்கும் என்றும் எடுத்துக்கொள்ளலாம். முதலாவதுதான் சொல்ல வேண்டும் என்றால் ‘மோர் தன் ஐ டூ’ என்று ஒரு முற்றைச் சேர்த்துவிடுங்கள், குழப்பம் தீர்ந்தது.

பழகுவதற்கு அட்டவணை வேண்டாம். உங்கள் மேஜையில் நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாவி கேட்டு வருகிறார், நீங்கள் கொடுக்கிறீர்கள், அவர் மனைவி நன்றி சொல்கிறார். ஆள் போனதும் வாய்க்குள்ளேயே: ‘ஹீ ஆஸ்க்டு மீ. ஐ கேவ் ஹிம் தி கீ. ஷீ தேங்க்டு அஸ்.’ முதலில் யார் செய்தது என்று கண்டுபிடித்து அவரை முன்னால் நிறுத்துங்கள், அடுத்து வினை, பிறகு மற்றவர்கள். தமிழ் வாக்கியத்தை மனசில் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பெயர்க்க வேண்டாம். ஒரு வாரத்தில் வாய் பழகிவிடும், என் மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன். வங்காளத்திலிருந்து வருகிறவர்களுக்கும் ஆங்கிலம் கற்றுக்கொண்ட மொழிதான், அவர்கள் உங்கள் தப்பை எண்ணிக்கொண்டிருக்கமாட்டார்கள். வைத்தியத்துக்கு வந்த இடத்தில் செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்தால் அவர்களுக்குப் போதும்.

அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது ‘தி டாக்டர் கால்டு ஹிம்’. ‘கால்டு’ என்றால் போனில் அழைத்தார் என்றும் புரிந்துகொள்ளலாம். அதனால் அடுத்த முறை ‘தி டாக்டர் வாண்ட்ஸ் ஹிம் டு கம் நவ்’ என்று சொல்லுங்கள், அதோடு ‘ஹீ இஸ் ஃபைன்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.